பொம்மைப் பைத்தியம் – 11: பறந்து போன விருந்து

போன வாரம் கோமாளிப் பாவைகள் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தோல்பாவைத் திரைக்குப் பின்னால் அடிதடியில் விட்டுவிட்டு வந்தோம். அவர்களுடைய கன்னடத்துச் சகலை கிள்ளேக்யாதனை இந்த வாரம் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தேன். விடிந்தால் ஆசிரியருக்குப் பக்கம் போயாக வேண்டும். என் தலைக்குள்ளோ ஒரு வாத்து வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது.

எங்கள் பெங்களூரு நீலசந்திராவில் அந்த வாத்தின், அதாவது ‘மதர் கூஸ்’ பாட்டியின், பாட்டுகள் தெரியாத பிள்ளை கிடையாது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடமும் உருதும், ஆனால் யூகேஜி முடிவதற்குள் இங்கிலீஷ் ரைம்ஸ் அத்தனையும் மனப்பாடம். சாயங்காலம் சந்துக்குள் நடந்தால் வீட்டுக்கு வீடு ஹம்ப்டி டம்ப்டி விழுந்துகொண்டிருப்பான். அவனுக்குச் சுவர் மேல் என்ன வேலை என்று எந்த மிஸ்ஸும் சொல்வதில்லை.

சொல்வதற்கென்றே ஒரு பொம்மை நிகழ்ச்சி இருந்தது. மப்பெட்டுகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் நிறுவனம், 1980களின் கடைசியில் இங்கிலாந்தில் எடுத்த ‘மதர் கூஸ் ஸ்டோரீஸ்’. தாய் வாத்து தன் மூன்று குஞ்சுகளுக்கு ஒவ்வொரு ரைமுக்கும் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லும். கதைக்குள்ளே நிஜக் குழந்தைகளும் பொம்மை விலங்குகளும் சேர்ந்து நடிப்பார்கள். ஜிம்மின் மகன் பிரையனும் இயக்கினார். கதைகளுக்கு மூலம், எல். ஃபிராங்க் பாம் 1897இல் வெளியிட்ட முதல் சிறுவர் நூல். பாட்டுக்குக் காரணம் வேண்டாம், தாளமே இழுத்துக்கொண்டு போய்விடும். பொம்மை அப்படியில்லை. மேடைக்கு வந்து நின்றதுமே ‘எதற்கு வந்தாய்?’ என்று குழந்தை கேட்கும். நாலு பையன்களைப் பெற்ற பாம், ரைம்கள் விட்டுப்போன காரணங்களை உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார்.

அரசன் முன்னால் வைத்த பண்டத்தை அறுத்ததும் அதற்குள் வைத்துச் சுட்ட இருபத்து நாலு கரும்பறவைகள் பாடுமே, அந்த ரைமை எடுத்துக்கொள்ளுங்கள். பாமின் கதையில் ஓர் ஏழைப் பையன் தன் பையிலிருக்கும் தானியத்தைத் தூவிப் பறவைகளைப் பிடிக்கிறான். சரி, வெந்த பறவை எப்படிப் பாடும்? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இதுதான்: 1598இல் ஆங்கிலத்தில் வந்த ‘எபுலாரியோ’ என்ற இத்தாலிய சமையல் நூலில் இதற்குச் செய்முறையே இருக்கிறது! நம் ஐயங்கார் பேக்கரி பஃப்ஸைப் பத்துப் பேர் சாப்பிடும் அளவுக்கு ஊதிப் பெருக்கிய மாதிரி ஒரு பெரிய மாவுக் கூடு. அடியில் கை நுழையும் அளவு ஓட்டை. உள்ளே வெறும் மாவைக் கொட்டி நிரப்பிச் சுட்டு, வெந்ததும் மாவை அந்த ஓட்டை வழியே எடுத்துவிட வேண்டும். பந்திக்குக் கொண்டுபோகும் நேரத்தில் உயிருள்ள பறவைகளை உள்ளே விட வேண்டும். மூடியைத் திறந்ததும் பறவைகள் பறக்கும், சபை சிரிக்கும். விருந்தாளிகள் வெறும் வயிற்றோடு ஏமாந்துவிடக் கூடாதே என்று, கூட்டுக்குள் நிஜமான சின்னப் பண்டம் ஒன்றையும் வைக்கச் சொல்கிறது நூல். அந்தச் சமையல்காரன் பொம்மலாட்டக்காரனாகியிருக்க வேண்டியவன்.

இதைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குச் சொன்னேன். “அந்தப் பறவை பிடிச்ச பையனுக்குச் சாப்பாடு போட்டாங்களா, அங்கிள்?” என்றான். பாம் கேட்டிருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

பாமின் அதே நூலின் கடைசிக் கதையில் முயலோடு பேசும் சிறுமி ஒருத்தி வருகிறாள். பெயர் டோரதி. பாமின் இன்னொரு கதையில் சூறாவளி ஒரு டோரதியை ‘ஓஸ்’ நாட்டுக்குத் தூக்கிப் போக இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

ஜிம், பிரையன் மாதிரி அப்பா பிள்ளை என்றதும் சென்னை ஞாபகம் வருகிறது. 1989இல் வந்த ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினி கார்ட்டூன் விலங்குகளோடு ஆடினாரே, அதற்கு இசை சந்திரபோஸ். அவர் மகன் வினோத் சந்தர் 2013இல் சென்னையில் தொடங்கியதுதான் ‘சூச்சூ டிவி’. இன்று இங்கிலாந்துக் குழந்தைகளும் தங்கள் பாட்டி காலத்து ரைம்களை அந்தச் சென்னைக் கார்ட்டூன்களில் பார்க்கலாம். ஆனால் அது பொம்மையல்ல, அனிமேஷன். இந்தத் தொடருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டது.

இடம் முடிந்தது. கிள்ளேக்யாதன் அடுத்த வாரம் மனைவி பங்காரக்காவோடு வருவான். 2025இல் பத்மஸ்ரீ பெற்ற கொப்பள் மாவட்டத்துத் தோல்பொம்மைக் கலைஞர் பீமவ்வாவின் கதையும் கூடவே வரும்.

(தொடரும்)