மாடத்தில் ஒரு நந்தவனம்

ஓசூர் மலைமீது அருள்மிகு மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். சந்திரனைச் சூடியவர் என்பது அத்திருநாமத்தின் பொருள். அந்தச் சந்திரனை மூலிகைகளுக்கும் செடிகொடிகளுக்கும் அதிபதி என்றும், மனத்துக்குக் காரகன் என்றும் சாத்திரங்கள் போற்றுகின்றன. தாவரங்களின் வளமும் மனத்தின் அமைதியும் ஒரே தெய்வத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

மலையடிவாரத்து ஊரோ இன்று பெரிதும் மாறிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில், குளிர்ந்த காற்றுக்குப் பெயர் பெற்ற சிற்றூராக இருந்த ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்து 2019-ஆம் ஆண்டு மாநகராட்சியாயிற்று. ஆலைகளில் மூன்று ஷிப்டுகள். நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரிகள். பிள்ளைகளின் வேலையை முன்னிட்டுச் சொந்த ஊரை விட்டு இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்த பெரியோர்கள் பலர். முற்றம், கிணற்றடி, புழக்கடை, துளசி மாடம் எல்லாம் ஊரிலேயே நின்றுவிட்டன. இங்கே அவர்களுக்கு வாய்த்தது ஒரு பால்கனியும், பாதி இரவில் கலைந்துபோகும் உறக்கமும்.

இந்நிலையில், ‘இந்தச் செடியைப் படுக்கையறையில் வைத்தால் நன்றாகத் தூக்கம் வரும்’ என்ற பேச்சு கைப்பேசிச் செய்திகளிலும் செடி விற்கும் கடைகளிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பகுத்தறிவது நல்லது.

இரவில் பிராணவாயு தருமா?

மருள், கற்றாழை ஆகியவை இரவில் பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பது பலரும் கூறுவது. துளசியைக் குறித்தும் அவ்வாறே சொல்கிறார்கள். தாவரங்கள் பிராணவாயுவை உண்டாக்குவதற்குச் சூரிய ஒளி இன்றியமையாதது. மருளும் கற்றாழையும் வறண்ட நிலத்துக்கு உரியவை. பகல் வெப்பத்தில் நீரை இழந்துவிடாதிருக்கும்பொருட்டு அவை இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமித்துக்கொள்கின்றன. மறுநாள் வெயிலில்தான் அதை உணவாக மாற்றுகின்றன. பிராணவாயுவும் அப்போதுதான் உண்டாகிறது. துளசிக்கோ இந்த இரவுச் சேமிப்பும் கிடையாது. மற்றச் செடிகளைப் போலவே அதுவும் பகலில்தான் பிராணவாயுவைத் தருகிறது. துளசியின் பெருமை அதன் தெய்வத்தன்மையில் இருக்கிறது. ஆதாரமற்ற செய்திகளின் துணை அதற்கு வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான அச்சமும் உண்டு. இரவில் செடிகள் கரியமில வாயுவை விடும், அறையில் வைத்தால் மூச்சு முட்டும் என்பர் சிலர். இரண்டு மூன்று தொட்டிச் செடிகள் விடும் வாயு மிகச் சொற்பம்; அதே அறையில் உறங்கும் ஒரு மனிதர் விடும் அளவுக்கு அருகில்கூட அது வாராது. ஆகவே அஞ்சவும் வேண்டாம்.

செடிகள் காற்றைச் சுத்திகரிக்கும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்டது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு. காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்தபோது, பென்சீன் போன்ற நச்சு வாயுக்கள் குறைந்ததை அது காட்டியது. ஆயினும் வீடு என்பது அடைத்த பெட்டியன்று. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், இத்தகைய 12 ஆய்வுகளின் 196 சோதனை முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும். 1000 வரையிலும்கூட வேண்டியிருக்கலாம் என்று கண்டனர். காற்றுத் தூய்மைக்கு எளிய வழி சன்னலைச் சிறிது நேரம் திறந்து வைப்பதே.

பிறகு செடியால் பயன் என்ன?

பயன் உண்டு, அது வேறு வழியாக வருகிறது. 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க அறிஞர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்தோர், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வீரியமிக்க வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 24 இளைஞர்கள் பங்கேற்றனர். கணினியில் வேலை செய்த நேரத்தைவிட, செடியைத் தொட்டி மாற்றி நட்ட நேரத்தில் அவர்கள் உடலும் மனமும் அமைதியுற்றிருந்தன.

உறக்கத்துக்கும் இதில் ஒரு வழி திறக்கிறது. உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். காலையில் கண்ணில் பகலொளி பட்டால், இரவில் உரிய நேரத்தில் கண் அயரும். வெளியே செல்லாமல் அறைக்குள்ளேயே பொழுதைக் கழிக்கும் முதியோர்க்கு இந்த ஒளி கிடைப்பதில்லை. பால்கனியில் நான்கு தொட்டிகள் இருந்தால், நீராடியதும் அங்கே சென்று நீர் வார்க்கவும், உதிர்ந்த இலையைப் பொறுக்கவும், பூசைக்கு இரண்டு பூப் பறிக்கவும் அரைமணி நேரம் கழிந்துவிடும். செடி இரவில் தரும் வாயுவைக் காட்டிலும், காலையில் தரும் இந்த வேலையே உறக்கத்துக்கு உற்ற துணை.

எவற்றைத் தேர்வது?

துளசி: பகலில் சில மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். ஆகவே படுக்கையறை அதற்கு இடமன்று. கிழக்கு நோக்கிய பால்கனியே உகந்தது. தினமும் வலம் வர இடமில்லையெனினும், எதிரே நின்று வணங்கலாம்.

மரிக்கொழுந்து: கர்நாடகத்தில் தவனம் எனப்படுவது. எல்லைப்புறமான இப்பகுதியின் பூக்கடைகளில் நன்கு பழகிய மணம். வெயிலில் வளர்த்து, மாலையில் ஒரு கொத்தைப் பறித்துச் சுவாமி படத்துக்குச் சூட்டினால் அறை முழுதும் இதமாக இருக்கும்.

மல்லிகை, பவழமல்லி: மாலையிலும் இரவிலும் மணம் பரப்புபவை. பவழமல்லி பெரிதாக வளர்வதால் தனி வீட்டுக்கே ஏற்றது. நெடிய மணம் சிலருக்குத் தலைவலி தரும். அவர்கள் தொட்டியைப் படுக்கையறைச் சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம்.

மருள்: ‘ஸ்நேக் பிளான்ட்’ என்ற பெயரில் விற்கப்படுவது. வெளிச்சம் குறைந்த அறையிலும் தாங்கும். மண் நன்கு காய்ந்த பிறகே நீர் வார்க்கவேண்டும்; அன்பு மிகுந்து தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் உறங்கும் மகனோ மருமகளோ இருந்தால், அவர்கள் அறைச் சன்னலுக்கு வெளியே கொடியைப் படரவிடலாம். வெயிலின் கூர்மையை அது சற்றுத் தணிக்கும். கனத்த திரையும் உடன் வேண்டும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

புட்டியில் நீர் ஊற்றி மணி பிளான்ட் வளர்ப்போர் வாரம் ஒருமுறையேனும் நீரை முழுதும் மாற்றவேண்டும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் பெருகும். அழகுக்காக வளர்க்கும் டீஃபன்பேக்கியாவின் இலையைக் குழந்தைகள் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். மணி பிளான்ட்டும் அவ்வாறே. சிவபூசைக்கு உகந்த அரளியின் எல்லாப் பகுதிகளும் கடும் நஞ்சு. பேரக் குழந்தைகள் உள்ள வீட்டில் இவை எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், ஈரம் மாறாத மண்தொட்டிகளைத் தலைமாட்டில் வைக்காதிருப்பது நலம். பூஞ்சை அவர்களுக்கு ஆகாது.

செடி மருந்துக்கு மாற்றன்று. உறக்கமின்மை பல வாரங்கள் நீடித்தாலும், உறக்கத்தில் குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வந்தாலும் மருத்துவரை நாடவேண்டும். உட்கொண்டு வரும் தூக்க மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

பூமாலை தொடுத்த வழி

தளி, பாகலூர் வட்டாரங்களில் பசுமைக் குடில்களில் விளையும் ரோஜாக்கள் கடல் கடந்து செல்கின்றன. தளியில் இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்புடன் அமைந்த கொய்மலர் மகத்துவ மையமும் உண்டு. மலருக்கு ஏற்ற மண்ணும் குளிரும் இவ்வூருக்கு இறைவன் கொடுத்தவை. பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்தார். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குத் திருமாலைத் தொண்டு புரிந்தார். முருக நாயனார் திருப்புகலூரில் விடியலில் மலர் கொய்து மாலை தொடுத்தார். அவர்கள் தொண்டு அதிகாலையில் தொடங்கியது. கை மண்ணைத் தொட்டது. மனம் இறைவனைப் பற்றியது.

புழக்கடையை ஊரில் விட்டு வந்த பெரியோர்க்கு, நான்கு தொட்டிகள் கொண்ட பால்கனியும் நந்தவனமே. தாம் வளர்த்த செடியின் ஒரு பூவைக் காலையில் சுவாமிக்குச் சாத்துங்கள். அந்தி சாய்ந்தபின் செடிகளைத் தொடாமல் விடுவது நம் வழக்கம். அவற்றுடன் சேர்ந்து நாமும் ஓய்வு கொள்வோம். சந்திரசூடேஸ்வரர் நல்லுறக்கம் அருள்வாராக.