ஐந்து குரலில் ஒரு போர்க்களம்



"டி.வி. கேம் மியூசிக்கா? வெறும் பீப் பீப் சத்தம்தானே!" என்று கேலி செய்யும் நண்பர்கள் நமக்குள் உண்டு. அந்தச் சத்தம் பிறப்பதே நம்ம டிஜிட்டல் லேப் பாடத்தில்தான் என்பது என் கட்சி.

ஓர் உதாரணம். 1990 ஏப்ரலில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபயர் எம்ப்ளம்' ஒரு கற்பனைப் போர் விளையாட்டு. வாள், டிராகன், நாடிழந்த இளவரசன் என்று ராஜா காலத்துக் கதை. கட்டம் கட்டமான களத்தில், சதுரங்கம் மாதிரி மாறி மாறிப் படையை நகர்த்த வேண்டும். பொதுவாக, செத்த வீரன் அடுத்த போருக்கு வரமாட்டான். அதனால் ஒவ்வொரு நகர்த்தலும் நெஞ்சை அடைக்கும். இசையமைத்தவர் யூகா சுஜியோகோ. நம் முறைக்கு ஓர் இசை, எதிரியின் முறைக்கு வேறோர் இசை. திரையைப் பார்க்காமலே ஆபத்து காதில் விழும்!

இத்தனைக்கும் அவர் கையில் இருந்த 'ஆர்க்கெஸ்ட்ரா' எது தெரியுமா? 1983-இல் வந்த ஃபேமிகாம் பெட்டியின் ஒரே சிப். 1990-களில் நம்ம ஊரில் விற்ற டி.வி. கேம் பெட்டிகள் பலவும் இதன் நகல்கள்தான். அந்தச் சிப்பில் மொத்தம் ஐந்து குரல்கள்.

முதல் இரண்டும் பல்ஸ் அலை. கொம்பு ஊதுகிற மாதிரி மெட்டு வாசிப்பவை இவைதான். டியூட்டி சைக்கிளை 12.5, 25, 50, 75 சதவீதம் என மாற்றினால் குரலின் குணமே மாறும். மூன்றாவது, முக்கோண அலை; பேஸ் இதன் வேலை. நான்காவது நாய்ஸ்: 15 பிட் ஷிப்ட் ரிஜிஸ்டர். அதை ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடினால், பறையில் குச்சி விழும் 'சடக்' கிடைக்கும். போர் முரசு தயார்! ஐந்தாவது, பதிவு செய்த ஒலித்துணுக்குகளை வாசிக்கும்.

சுருதி சேர்ப்பது எப்படி? சிப்பின் கிளாக் சுமார் 17,89,773 ஹெர்ட்ஸ். பல்ஸ் குரலில் கவுன்ட்டருக்கு 253 என்று கொடுத்தால், கிளாக்கை 16 x 254 ஆல் வகுத்து 440.4 ஹெர்ட்ஸ் வரும். கச்சேரி சுருதியான 440-க்கு மிக அருகில். நாம் படிக்கும் 'டிவைட் பை என்' கவுன்ட்டரேதான்! மூன்று சுரம் சேர்ந்த கார்டு வேண்டுமா? ஒரே குரலில் மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசித்தால், காது ஏமாந்து ஒன்றாகக் கேட்கும். இந்தச் சிக்கனத்திலிருந்தே 'சிப்டியூன்' என்ற எலக்ட்ரானிக் இசை வகை உலகெங்கும் கிளம்பியது.

நம்ம பக்கமும் சளைத்ததில்லை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு சீக்வென்சர் வைத்து இசையமைத்தார். சுரங்களை எண்களாகக் கொடுத்து மின்சுற்றை வாசிக்க வைக்கும் அதே தத்துவம்தான்.

நீங்களும் செய்யலாம். 1972-இல் விற்பனைக்கு வந்த 555 ஐ.சி. போதும். ஆர்.ஏ. 1 கிலோ ஓம், ஆர்.பி. 15 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட். ஏறக்குறைய 465 ஹெர்ட்ஸ், பாதிக்குப் பாதி சதுர அலை. ஆர்.பி. இடத்தில் ஒரு பாட் மாட்டினால் சுருதியைத் திருகலாம்.

எனவே தோழர்களே, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்ததும் சர்க்யூட்டைப் பிரித்துப் போட்டுடாதீங்க. மூன்றாம் பின்னில் ஒரு கெப்பாசிட்டர் வழியாகச் சின்ன ஸ்பீக்கரை மாட்டி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சிலாஸ்கோப்பில் பார்த்த அலைக்குக் குரல் இருப்பது அப்போது புரியும்!