உங்களுக்குத் தெரியுமா? குறுக்கெழுத்துக் குசும்பு!

எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ. எட்டே எட்டு ஆங்கில எழுத்துகள். இவ்வளவுதான் க்ளூ! விடை ஐந்தெழுத்து. மண்டை காய்கிறதா? எச் முதல் ஓ வரை... அதாவது 'எச் டு ஓ'. வாட்டர்! தண்ணி காட்டுவது என்றால் இதுதான் சார்!

இந்த மாதிரி ஏடாகூடமாகவே பேசும் புதிர்தான் கிரிப்டிக் கிராஸ்வேர்ட். 'ஃப்ளவர் ஆஃப் லண்டன்' என்பார்கள். ஆறெழுத்து. ரோஜாவா, லில்லியா என்று தோட்டம் தோட்டமாக அலையாதீர்கள். ஃப்ளோ என்றால் பாய்தல். பாய்ந்தால் அது ஃப்ளோ-அர். விடை, தேம்ஸ் நதி!

'ஜி, ஈ, ஜி, எஸ்' என்று இன்னொரு க்ளூ. நாலெழுத்துக் கேள்விக்குப் பதின்மூன்று எழுத்து விடை! 'எக்ஸ்' என்பதன் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆக, 'ஸ்கிராம்பிள்டு எக்ஸ்'. முட்டையைக் கலக்கியாச்சு!

'இரண்டு பெண்கள், முழங்காலுக்கு ஒருத்தி.' ஏழெழுத்து. ஒருத்தி பெயர் 'பேட்'. மற்றவள் பெயர் 'எல்லா'. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'பேட்டெல்லா'. முழங்கால் சில்லின் மருத்துவப் பெயரே அதுதான்!

ஒரு தொழில் ரகசியம் சொல்லட்டுமா? க்ளூவின் நேரான அர்த்தம் தலையிலோ வாலிலோதான் ஒளிந்திருக்கும். நடுவில் தேடினால் நேரம்தான் வீண்! குடித்த, உடைந்த, பைத்தியம் பிடித்த என்று ஏதாவது ஒரு சொல் தட்டுப்பட்டால் துள்ளிக் குதியுங்கள். பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்கிறார்கள்!

கலைப்பதிலேயே உச்சம் இது. 'லெவன் பிளஸ் டூ' என்று ஆங்கிலத்தில் எழுதி எழுத்துகளை மாற்றி அடுக்குங்கள். 'ட்வெல்வ் பிளஸ் ஒன்' வரும்! இரண்டுக்கும் கூட்டுத்தொகை 13. எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். அதுவும் 13!

உலகின் முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21-ல் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வந்தது. வடிவம் சதுரம் இல்லை, வைரம்!

இந்தப் பைத்தியத்துக்கு அமெரிக்கா அடிமையாகிவிட்டது என்று 1924-ல் லண்டன் 'டைம்ஸ்' தலையில் அடித்துக்கொண்டது. 1930 பிப்ரவரி 1-ல் அதே 'டைம்ஸ்' தன் நாளிதழில் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. தயாரித்த அட்ரியன் பெல் அதுவரை ஒரு குறுக்கெழுத்தைக்கூடப் போட்டதில்லை! அப்புறம் என்ன, 1978 வரை விடவே இல்லை. ஏறத்தாழ 5,000 புதிர்கள்!

'டைம்ஸ்' புதிரை 1970-ல் ராய் டீன் போட்டு முடித்த நேரம் 3 நிமிடம் 45 விநாடி! 1932 ஏப்ரல் 4-ல் வந்த புதிரை, ஃபிஜியிலிருந்து ஒரு பெண்மணி முடித்துவிட்டதாக அறிவித்தது 1966 மே மாதம். 34 வருஷம்! என் ஓட்டு ஃபிஜி அம்மாவுக்குத்தான்.

பேய்க்கதை மன்னன் எம். ஆர். ஜேம்ஸ் முட்டை வேகும் நேரத்தைக் குறுக்கெழுத்து போட்டே அளப்பாராம். முட்டை கெட்டியாக வெந்தால் அவருக்குப் பிடிக்காதாம். எவ்வளவு வேகம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1944 மே 2. லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' குறுக்கெழுத்தில் விடை, 'யூட்டா'. மே 22, 'ஒமாஹா'. மே 27, 'ஓவர்லார்ட்'. மே 30, 'மல்பெரி'. ஜூன் 1, 'நெப்டியூன்'. ஐந்தும் நார்மண்டி படையெடுப்பின் பரம ரகசியச் சங்கேதப் பெயர்கள்! படை இறங்கிய நாள் ஜூன் 6. உளவுத்துறை ஓடிப்போய்ப் பிடித்தது யாரை? புதிரை அமைத்த லெனார்ட் டா என்ற பள்ளித் தலைமையாசிரியரை! 'எல்லாம் தற்செயல்' என்றார். வேறு ஆதாரம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். 40 வருஷம் கழித்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் வாயைத் திறந்தார். கட்டங்களில் சொற்களை நிரப்பும் வேலையை வாத்தியார் பையன்களிடம் கொடுப்பாராம். பையன்கள் பக்கத்து முகாம் சிப்பாய்களிடம் காதில் விழுந்ததை எல்லாம் எழுதி வைத்தார்களாம்!

இன்னொன்று. 1942 ஆகஸ்ட் 17 புதிரில் 'டியப்' என்ற பிரெஞ்சு ஊர் விடையாக வந்தது. இரண்டே நாளில் அந்த ஊர் மீது தாக்குதல்! அந்தப் புதிரும் அதே வாத்தியார் கைவண்ணம்!

அதே 'டெலிகிராஃப்' 1942 ஜனவரியில் ஒரு போட்டி வைத்தது. 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். முடித்தவர்களில் சிலருக்கு அப்புறம் கடிதம் வந்தது. அனுப்பியது அரசாங்கம். வேலை, பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைப்பது!

'அப்சர்வர்' இதழின் செட்டர்கள், அதாவது புதிர் அமைப்பவர்கள், புனைபெயர் வைத்த அழகைப் பாருங்கள். டார்க்கிமாடா, ஜிமெனெஸ், அசெட். முதல் இருவரும் ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதை செய்த பெருமான்கள்! மூன்றாவது? ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'டெசா'. அவரும் அதே கோஷ்டி!

டார்க்கிமாடா 1934-ல் ஒரு கொலைக்கதை எழுதினார். 100 பக்கம். அத்தனையும் கன்னாபின்னாவென்று மாற்றி அச்சிட்டது. சரியான வரிசையை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்! எத்தனை விதமாக அடுக்கலாம்? விடை 158 இலக்க எண்!

துப்பறியும் இன்ஸ்பெக்டர் மோர்ஸைத் தெரியுமல்லவா? அவரைப் படைத்த எழுத்தாளர் காலின் டெக்ஸ்டரோடு 'அப்சர்வர்' புதிர்ப் போட்டிகளில் மல்லுக்கட்டியவர் ஜெரமி மோர்ஸ். லாய்ட்ஸ் வங்கித் தலைவராக இருந்தவர்! அந்தப் பெயரைத்தான் டெக்ஸ்டர் சுட்டார். இன்ஸ்பெக்டர் மோர்ஸின் முதற்பெயர் 20 வருஷத்துக்கு மேல் மூடுமந்திரம். 1997-ல் தொலைக்காட்சித் தொடரில் அதுவும் க்ளூவாகவே வெளிவந்தது. 'அரவுண்ட் ஈவ்' என்பதைக் கலைத்தால்... 'எண்டெவர்'!

'கார்டியன்' செட்டர் ஜான் கிரஹாம், ஒரு பாதிரியார். புனைபெயர் அராகேரியா. அது 'மங்கி பசில்' மரத்தின் தாவரவியல் பெயர். 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' புதிர்களில் சினிஃபைல். எழுத்துகளைக் கலையுங்கள், 'சிலி பைன்'. அதே மரத்தின் இன்னொரு பெயர்! தனக்குப் புற்றுநோய் வந்திருப்பதை 91 வயதில் வாசகர்களுக்கு எப்படிச் சொன்னார் தெரியுமா? கட்டங்களுக்குள். நோயின் பெயரும், அது எங்கே வந்திருக்கிறது என்பதும் விடைகள்!

ரோஜர் ஸ்கொயர்ஸ் எழுதிய க்ளூக்கள் 2007-லேயே 20 இலட்சத்தைத் தொட்டன! இந்த மனிதர் 1961-ல் இலங்கைக் கடலில் விழுந்து மூழ்கிய கடற்படை விமானத்திலிருந்து தப்பித்து மேலே வந்தவர்!

கடற்படைக்கும் கட்டத்துக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது. சென்னை 'தி இந்து' குறுக்கெழுத்து 1971-ல் தொடங்கியது. அதற்கு ஆரம்ப காலத்தில் புதிர் அமைத்தவர் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர்! பிறந்த ஊர் செங்கல்பட்டு!

தமிழில் முடியாது என்று யார் சொன்னது? இந்தாருங்கள், சொந்தச் சரக்கு. 'சாயங்காலம் கழுத்தில் விழும்.' இரண்டெழுத்து. மாலை!

இன்னும் ஒன்று. 'தலை இழந்த நகரத்துக்குக் கை மட்டும் மிச்சம்.' மூன்றெழுத்து. நகரத்தின் முதல் எழுத்தை வெட்டுங்கள். கரம்!