சனி ஏன் பின்னால் நடக்கிறது?

பஞ்சாங்கத்தில் ‘சனி வக்ரம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது வானத்தில் கண்ணாலேயே பார்க்கக்கூடிய சங்கதி. நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கிலிருந்து கிழக்காக நகரும் சனி, தயங்கி நின்று, ஏறத்தாழ நாலரை மாதம் மேற்கே திரும்பிப் போகும். பிறகு மறுபடி கிழக்கு.

உண்மையில் அது திரும்புவதே இல்லை. பஸ் ஒரு லாரியை முந்தும்போது ஜன்னல் வழியே பாருங்கள். தூரத்து மலையோடு ஒப்பிட்டால் லாரி பின்னால் நழுவும். ஆனால் அதுவும் முன்னால்தான் ஓடுகிறது. பூமியின் வேகம் விநாடிக்குச் சுமார் 30 கி.மீ.; வியாழனுக்கு 13, சனிக்கு 10கூட இல்லை. உள்வட்டத்தில் விரையும் நாம் சனியை 378 நாளுக்கு ஒருமுறை முந்துகிறோம். வியாழன் கொஞ்சம் வேகமாக ஓடுவதால் அதை எட்டிப்பிடிக்க 399 நாள் ஆகிறது.

முந்தும் சமயத்தில் கிரகம் சூரியனுக்கு நேர் எதிரே, நமக்கு மிக அருகில் இருக்கும். பொழுது சாயும்போது கிழக்கே எழுந்து இரவு முழுக்கப் பிரகாசிக்கும்.

சனி ஒரு சுற்று வர 29½ ஆண்டு. 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. பலனை நம்புவது அவரவர் பாடு, கணக்கு சரிதான்.

மொட்டை மாடிக்குப் போய், மினுக்காமல் நிலையாக ஒளிரும் மஞ்சள் புள்ளியைத் தேடுங்கள். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து, இரண்டு வாரத்துக்கொரு முறை நோட்டில் குறித்து வாருங்கள். சில மாதத்தில் கோடு வளைந்து திரும்பியிருக்கும்.