உணரும் செயற்கைக் கைக்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் விசைத்தறியிலோ, நூற்பாலையிலோ, மாட்டுக்குத் தட்டு வெட்டும் இயந்திரத்திலோ கையைப் பறிகொடுப்போரின் வீட்டார், தொட்டால் உணரும் செயற்கைக் கை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதில் காட்டும் வேகத்தில் பாதியையேனும் சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டைக் கேட்பதில் காட்டுவதில்லை.

கைபேசிக் காணொளிகள் ஊட்டும் நம்பிக்கைக்கும் நடப்புக்கும் இடைவெளி பெரிது. விரல்நுனியில் பதித்த உணரி, பிடியின் இறுக்கத்தை எஞ்சிய கையின் தோல்மீது அதிர்வாக மாற்றித் தரும் கை இந்தியாவிலேயே விற்பனைக்கு உள்ளது. ஆனால் அணிந்தவர் உணர்வது அதிர்வை மட்டுமே, டம்ளரின் சூட்டையோ துணியின் சொரசொரப்பையோ அன்று. நரம்புக்குள்ளேயே மின்முனை பதித்து உணர்வூட்டும் முறை வேறு. 2013-இல் ரோம் நகரில் அவ்வாறு நான்கு மின்முனைகள் பொருத்தப்பட்ட டென்மார்க்குக்காரர், கண்ணைக் கட்டிய நிலையிலும் பொருளின் வடிவையும் கடினத்தையும் சொன்னார்; எனினும், சோதனை விதிப்படி ஒரு மாதத்தில் அவை அகற்றப்பட்டன. அம்முறையை இங்கே கடையில் விற்பதாகக் கூறுவோரை நம்பக் கூடாது.

எனவே முதலில் இழப்பீட்டுக்கான காகிதங்களைக் கவனிக்க வேண்டும். விபத்தன்று மருத்துவமனையில் பதியும் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், எல்லாவற்றுக்கும் அடிப்படையாதலால், காயம் எந்த இயந்திரத்தில், எந்த வேலையின்போது நேர்ந்தது என்று அதில் எழுதச் செய்ய வேண்டும். "தவறி விழுந்தார்" என்று எழுதவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையாயின் முதலாளி தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகமான இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் தொழிலாளியே கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தந்து, ஒப்புகை முத்திரை வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லித் திரும்புவது சொல்லாததற்குச் சமம். இ.எஸ்.ஐ. அட்டவணைப்படி ஒரு கையை இழப்பது 60 விழுக்காடு ஈட்டுதிறன் இழப்பாகும். முழங்கைக்கு மேலே போனால் விழுக்காடு உயரும். மருத்துவ வாரியம் குறைத்து மதிப்பிட்டால் மேல்முறையீடு உண்டு. செயற்கை உறுப்பும் இ.எஸ்.ஐ. மருத்துவ உரிமையுள் அடங்கும்.

இ.எஸ்.ஐ. இல்லாத சிறு தறிக்கூடத்திலும் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையதே. கொஞ்சம் பணத்தை நீட்டி வெற்றுத்தாளில் கையொப்பமோ கைநாட்டோ கேட்டால் போடக் கூடாது. கோவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவாகவே கொடுக்க வேண்டும். தன் தோட்டத்தில் காயமுற்ற விவசாயிக்கு, ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யப்படும் பிரதமர் விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கில் நடப்பில் இருந்தால், ஒரு கையின் இழப்புக்கு 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் கூடுமானவரை 30 நாளுக்குள் வங்கிக் கிளையில் கோர வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கும் அலுவலர் அரிது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குச் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதாரில் பெயர் எழுதியுள்ளபடியே நிரப்பாவிட்டால் அலைச்சல் மிஞ்சும். அட்டையில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, மாத வருமானம் 22,500 ரூபாய்க்கு உட்பட்டால், மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் செயற்கைக் கையை இலவசமாகக் கோரலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டியது இந்தத் திட்டத்தையே.

எந்தக் கையானாலும், எஞ்சிய கையைச் செருகும் சாக்கெட் சரியாக அமையாவிடில் அது பீரோவுக்குள் போய்விடும். எனவே அணிந்து பார்க்கும் முன்னரும், பழுதுபார்ப்பவர் யார், மின்கலம் எங்கே கிடைக்கும் என்று எழுத்தில் பெறும் முன்னரும், முன்பணம் கொடுக்கவே வேண்டாம்.