உஷார்! மைதானத்தைத் தோண்டுகிறார்கள்

ஆட்ட சீசன் முடிந்த கையோடு அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் கிரேன்கள் வந்து நிற்கும். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதுதான் அங்கே ஃபுட்பால். கல்லூரி ஸ்டேடியம் என்றதும் நம்மூர்க் கல்லூரி மைதானத்தை நினைத்துவிட வேண்டாம். மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். புதுப்பிக்கப் போகிறோம் என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள் வெளிவரும்: கண்ணாடி அறைகள், ராட்சதத் திரை, மைதானத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கைகள். அந்தப் படங்களில் ஒருநாளும் மழை பெய்யாது. உஷாராக வேண்டியது அங்கேதான்.

இந்த ஸ்டேடியங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். 1920-களில் கட்டியவர்களுக்குப் பள்ளமான இடம் என்றால் கொண்டாட்டம். சரிவிலேயே படிவரிசை போட்டுவிடலாம், தோண்டும் செலவு மிச்சம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபோர்ட் ஸ்டேடியம் 1929-ல் டான்யார்ட் ஓடை ஓடிய பள்ளத்தில் எழுந்தது. ஓடையைக் குழாய்க்குள் அடைத்தார்கள். இன்றும் அது மைதானத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெர்க்லியில் 1923-ல் கட்டிய மெமோரியல் ஸ்டேடியத்துக்கு அடியில் ஸ்ட்ராபெரி ஓடையின் குழாய் மட்டுமல்ல, ஹேவர்ட் நிலப்பிளவும் போகிறது. பிளவின் இரு பக்கமும் மெல்ல மெல்ல நகர்ந்ததில் அந்தக் குழாய் சேதமானதை 1966-ல் நிலவியலாளர்கள் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் ஸ்டேடியம் 1927-ல் திறந்தது. அதன் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே. கட்டும்போது ஓர் இயந்திரம் சேற்றில் புதைந்து இன்னும் அடியிலேயே கிடக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள், நிலத்தடி நீர் மட்டம் அங்கே உயரத்தில் இருப்பது நிஜம். 1991-ல் மைதானத்தை இன்னும் மூன்றரை அடி இறக்கி இயற்கைப் புல் போட்டார்கள். அந்த ஈரத்தில் புல்லைக் காப்பாற்றுவது பெரும்பாடாகி, 2003-ல் செயற்கைப் புல்லுக்கு மாறினார்கள்.

ஏன் இறக்குகிறார்கள்? ஓட்டப் பாதையை எடுத்துவிட்டுத் தரையைத் தாழ்த்தினால் கீழே புதிய வரிசைகள் கிடைக்கும், டிக்கெட் கூடும். கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேடியத்தை 2001 வரை 19 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதுப்பித்தபோது மைதானத்தைப் பதினான்கரை அடி இறக்கினார்கள். பக்கத்திலேயே ஒலன்டான்ஜி ஆறு. ஸ்டேடியம் இருப்பதே அதன் வெள்ளச் சமவெளியில். ஆற்றுநீர் கசிந்து வராமல் தடுக்க மண்ணுக்கு அடியில் தடுப்புச் சுவர் இருக்கிறது. இருந்தும் அங்கே இயற்கைப் புல் நிலைக்கவில்லை. 2006 நவம்பரில் மிச்சிகனோடு மோதிய பெரிய ஆட்டத்துக்கு முன் புதிதாகப் புல் விரித்தும், இரண்டு அணி வீரர்களும் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். அடுத்த ஆண்டே செயற்கைப் புல் வந்துவிட்டது. பழி முழுவதையும் வடிகால் மேல் போட மாட்டேன். நிழலுக்கும் காற்றோட்டக் குறைவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஆழத் தோண்டினால் இவை அத்தனையும் சேர்ந்துதான் வரும்.

என் பயம் கட்டி முடித்த பிறகு வரும் மழையைப் பற்றியது அல்ல. கட்டும்போது வரும் மழைதான் பயம். வேலைக்குக் கிடைப்பது டிசம்பர் முதல் ஆகஸ்ட் வரை, அவ்வளவுதான். மத்திய மேற்கு மாநிலங்களில் பனி உருகுவதும் இடிமழை கொட்டுவதும் சரியாக அந்த மாதங்களில்தான். பழைய வடிகாலை மார்ச்சில் வெட்டி எடுத்துவிடுவார்கள். புதியது ஜூலையில்தான் இணையும். நடுவில் அந்தப் பள்ளத்துக்கு வாய் உண்டு, வழி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஆடுகளம் மட்டும் 360 அடிக்கு 160 அடி. அதில் ஓர் அங்குல மழை விழுந்தால் சுமார் 1,36,000 லிட்டர்; பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி பதினொன்று. இது களத்தில் நேரே விழுவது மட்டும். சுற்றியுள்ள கான்கிரீட் படிகளில் விழுவது மண்ணில் ஊறாது. வேலை நடக்கும் நாளில் படிவரிசைக் குழாய்களும் கழன்று கிடந்தால் அத்தனையும் பள்ளத்துக்குத்தான் இறங்கும். தாழ்த்திய மைதானத்திலிருந்து தானாக ஓடவும் முடியாது, சம்ப்பில் சேர்த்துப் பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டும். கரன்ட் போவது பெரும்பாலும் புயலோடுதான். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

தண்ணீர் நின்றால் இறைத்துவிடலாம். அது விட்டுப்போகும் வண்டல்தான் விடாது. நல்ல ஆடுகளத்தின் அடியில் ஓட்டை போட்ட குழாய், அதற்கு மேல் சுமார் நான்கு அங்குலம் ஜல்லி, அதற்கும் மேல் ஓரடி சலித்த மணல், பிறகு புல் என்பது வழக்கமான அடுக்கு. மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே களிமண் ஒரு படலமாகப் படிந்தாலே போதும், மேலே விழுந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். கிரேனும் டிப்பர் லாரியும் ஓடி இறுகிய அடிமண்ணும் அப்படித்தான். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: கலவை லாரி கழுவிய சிமென்ட் தண்ணீர். அதை அருகில் இருக்கும் வடிகாலில் ஊற்றிவிட்டால் குழாய்க்குள்ளேயே கெட்டியாகிவிடும். பிறகு அதைச் சுரண்ட முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். செயற்கைப் புல்தானே, கவலை இல்லை என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் கீழே ஜல்லிதான், குழாய்தான்.

அவசரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பிட்ஸ்பர்க் சாட்சி. அது புதுப்பிப்பு அல்ல, வெறும் புல் மாற்றம். 2007 நவம்பர் கடைசியில் அங்குள்ள ஹைன்ஸ் ஃபீல்ட் ஸ்டேடியத்தில் வெள்ளி, சனிக்கிழமைகளில் பள்ளி அணிகளின் இறுதி ஆட்டங்களும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆட்டமும் நடந்து புல் நைந்து போனது. திங்களன்று தொழில்முறை ஆட்டம். பழைய தரையை எடுக்க நேரமில்லை. அதன் மேலேயே புதுப் புல்லை விரித்தார்கள். மழை கொட்டியது. தண்ணீர் இரண்டு அடுக்குக்கும் நடுவே சிக்கிக்கொள்ள, உதைத்த பந்து மூக்கு குத்தி சேற்றில் செருகி அப்படியே நின்றது, உருளக்கூட இல்லை. கடைசி நொடிகள் வரை யாருக்கும் ஒரு புள்ளி கிடையாது; முடிவு 3-0. டிவியில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. கணுக்காலை நம்பிப் பிழைக்கும் ஆட்டக்காரனுக்கு?

ஸ்டேடியத்துக்கு வெளியே இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அந்த ஊர்களில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், பலர் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். பள்ளத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் எங்கோ போய்த்தானே ஆக வேண்டும்? வேலை தொடங்கிய பிறகு கீழ்ப்பக்க ஓடை மழை நாளில் காப்பி நிறத்தில் ஓடினால், தெருவில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டால், அடித்தளத்தில் புதிதாக ஈரம் தெரிந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அமெரிக்கத் தூய நீர்ச் சட்டப்படி ஓர் ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறும் கட்டுமானத்துக்கு மழைநீர் அனுமதி வேண்டும். வண்டல் வெளியே போகாமல் தடுக்கும் திட்டமும் அதில் அடக்கம். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மைதானத்தையே தோண்டும் வேலை ஓர் ஏக்கருக்குள் முடிவதில்லை.

மாணவர் கட்டணத்திலிருந்தோ நன்கொடையிலிருந்தோ பணம் போகிறதென்றால் இன்னும் உரிமையோடு கேட்கலாம். தோண்டுவதற்கு முன் பழைய குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களா? இல்லை, 1920-களின் வரைபடத்தை நம்பி இறங்குகிறார்களா? புது வடிகால் இணையும்வரை தற்காலிக பம்ப் எத்தனை, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் மழை கொட்டினால் அதை ஓட்டப்போவது யார்? வரும் மணல் லாரிக்கு லாரி சோதிக்கப்படுகிறதா, இல்லை முதல் லாரியோடு சரியா?

எல்லாவற்றையும்விட ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். ஜல்லி பரப்பி முடித்து மணல் கொட்டுவதற்கு முன், லாரித் தண்ணீரை மைதானத்தின் நான்கு மூலையிலும் ஊற்றி, கடைசி மேன்ஹோலைத் திறந்து வைத்து, ஊற்றியது அங்கே வந்து சேருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பகல் வேலைதான். அதற்கு நாள் குறித்தாகிவிட்டதா என்று இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜூலை வந்துவிட்டால் புல் சுருள்கள் வாசலில் இறங்கிவிடும். அப்புறம் ஜல்லியை யாரும் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள்.