ரப்பர் தவளையை விரால் ஏன் கவ்வுகிறது?

திருவனந்தபுரத்து வெள்ளாயணி நன்னீர் ஏரியில், தாமரையும் பாசியும் மண்டிய ஓரங்களில்தான் விரால் பதுங்கும். காற்றையும் சுவாசிப்பதால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைக்கும். தவளை துள்ளினால் எழும் அதிர்வை அதன் பக்கக்கோட்டு உறுப்பு உடனே உணர்ந்துவிடும். அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு வீசும் ரப்பர் தவளை இங்கே விராலை ஏமாற்றுவது இப்படித்தான்.

உள்ளீடற்ற அந்தத் தவளையின் முதுகோடு ஒட்டி இரண்டு தூண்டில் முட்கள் மேல்நோக்கி நிற்கும். அதனால் பாசியில் சிக்காது. மீன் கவ்வினால்தான் ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும். ‘களக்’ சத்தம் கேட்டதும் வெடுக்கென்று இழுக்கும் அவசரக்காரருக்கு வெறும் தவளைதான் திரும்பி வரும். தூண்டில் நரம்பு இறுகும்வரை பொறுங்கள். பின்னல் நரம்பு அதிகம் நீளாது. அதனால் கெட்டியான தாடையிலும் முள் ஏறும்.

விராலின் சிவந்த குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் மட்டும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். கீழே காவல் நிற்கும் பெரிய மீனைப் பிடித்தால், குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.